கண்ணாடிக்குப் பின்னால் பூச்சி

கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

உள்ளே நுழைந்து கதவை இழுத்துச் சாத்தினான், அவ்வளவுதான். கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. கைப்பிடிதான் கூடவே வந்துவிட்டது. பூச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கனமான பித்தளைக் கைப்பிடி, ஒரு குறையும் சொல்ல முடியாது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதைத் தவிர.

"போச்சுடா!" என்றான், சத்தம் வராமல். அந்த அறையில் எதையும் சத்தம் வராமல்தான் சொல்ல வேண்டும்.

பூச்சி என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, கட்டிக்கொண்டவள் வைத்தது. கல்யாணமான புதிதில் ஓட்டலில் சாப்பிடும்போது அவனுக்கு விக்கல் எடுத்தது. பரிமாறுகிறவர் பக்கத்திலேயே போய் வந்துகொண்டிருந்தார். தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, விக்கிக்கொண்டே சாப்பிட்டு முடித்தான். "சரியான வாயில்லாப்பூச்சி!" என்றாள் அவள். அது சுருங்கிப் பூச்சி ஆனது. ஒருநாள் அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து "பூச்சி இருக்காரா?" என்று கேட்டதில் அங்கேயும் பரவிவிட்டது. அவன் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தால் அந்தப் பெயருக்கு என்ன மரியாதை?

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த உத்தியோகத்தைக் கேளுங்கள். மனிதர்களின் நடத்தையை ஆராய்கிற கூடம் ஒன்றில் அவன் ஆய்வு உதவியாளன். ஆய்வின் தலைப்பு, 'உதவி கேட்க மனிதர்கள் ஏன் தயங்குகிறார்கள்?'

சோதனை பார்வைக்குச் சாதாரணமானது. வருகிறவரை ஓர் அறையில் உட்கார வைத்து, சின்ன மர அலமாரிக்கான பலகைகளையும் ஸ்க்ரூக்களையும் கொடுத்து, "இதைப் பொருத்தி முடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்க்ரூடிரைவர் மட்டும் கொடுக்கமாட்டார்கள். அது, அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் இன்னொருவரின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இன்னொருவர் ஆய்வுக்கூடம் அமர்த்திய நாடக நடிகர். கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். கேட்காவிட்டால் தலையே போனாலும் கொடுக்கக் கூடாது. வந்தவர் வாயைத் திறந்து கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கை எடுக்கிறவன் பூச்சி. சோதனை அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் நின்று பார்த்தால் தன் முகம்தான் தெரியும். இந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்து பார்த்தால், ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி அறை முழுக்கத் தெரியும். இந்தப் பக்கம் என்பது பீரோவைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பொந்து. அதில் ஒரு முக்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச், அங்கே பேசுவதை இங்கே கேட்க ஒரு சின்ன ஒலிபெருக்கி. இங்கே பேசுவது அங்கே கேட்க வேண்டுமானால் சுவரில் இருக்கும் மைக்கின் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சம் பட்டுக் காரியம் கெட்டுவிடக் கூடாது என்று செல்போனை வெளியே மேஜையில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். தாழ்வாரத்துக்குப் போக ஒரே கதவு. அதன் கைப்பிடி இருக்கும் இடம் நமக்குத் தெரியும்.

வேறொரு நாளாக இருந்தால், யாராவது வந்து திறக்கிற வரை அவன் சமர்த்தாக உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு முடியாது. இன்றைய ஆள்தான் கடைசி ஆள். ஆய்வு முடிந்தால் உதவியாளனுக்கு வேலையும் முடிந்தது. வேலை தொடர ஒரே ஒரு வழி, அவனே சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அதற்கு, இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியை கூடத்தின் இயக்குநரிடம், "இவர் செய்வார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இயக்குநர் இன்று பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார். பேராசிரியை சொல்ல வேண்டுமானால் பூச்சி அவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

அங்கேதான் வண்டி நின்றது.

காலையில் செருப்பை மாட்டும்போது மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இன்னைக்காவது கேட்டுடுவீங்களா?"

"கேட்டுடறேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"போன மாசம் கேக்கத்தான் போனேன். அவங்க எழுதிட்டிருந்தாங்க."

"அவங்க எழுதாம எப்ப இருந்தாங்க? உங்களுக்கெல்லாம் வாய் எதுக்குங்க, கொட்டாவி விடவா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவனுக்கு, சொன்னால் நம்பமாட்டீர்கள், கொட்டாவிதான் வந்தது.

பேராசிரியையிடம் கேட்கப் பயம் என்றால், அவர் சிடுமூஞ்சி என்று அர்த்தமில்லை. அவரைப் போல ஒரு மனுஷியைப் பார்ப்பது அபூர்வம். உண்மை விஷயத்தில் மட்டும் இம்மி பிசகமாட்டார். ஒருமுறை நடிகர், எதிரில் தவித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து இரக்கப்பட்டு, சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே லேசாக இருமிவிட்டார். "அவர் கேட்டது இருமலுக்கு அப்புறம்தானே? அப்படின்னா அது நமக்கு வேண்டாம்" என்று பேராசிரியை அந்த ஆளின் கணக்கையே எடுத்துவிட்டார். ஊர் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்திருந்தது, அது போதும்.

சோதனை முடிந்ததும் ஒவ்வொருவரையும் தன் அறைக்கு அழைத்து உட்கார வைப்பார். நடிகர் யார், கண்ணாடி எதற்கு என்று ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லுவார். சிலர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். "நீங்க தயங்கினதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. நானா இருந்தாலும் தயங்கியிருப்பேன்" என்பார். அவ்வளவு பெரியவர் அப்படிச் சொன்னதும் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். யாரையும் கூனிக் குறுகி வெளியே போக விட்டதில்லை. அவரோடு வேலை செய்வதே பெரும் பேறு என்று பூச்சி நினைத்தான். அப்படிப்பட்டவரிடம் போய், "எனக்குத் தனியா ஒரு ஆய்வு வேணும்" என்றால் என்ன நினைப்பார்? மூணு வருஷம் தூக்கி வளர்த்த நன்றி இல்லையே என்று நினைக்கமாட்டாரா?

அந்த ஆய்வு பிறந்த கதையை நினைத்தாலே பூச்சிக்கு உடம்பு சிலிர்க்கும். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் காலை பேராசிரியை கையில் கோப்பையோடு ஜன்னலோரம் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி, "அடுத்தவங்ககிட்ட ஒரு சின்ன விஷயம் கேக்க மனுஷங்க ஏன் இப்படித் தவிக்கிறாங்க?" என்றார். கேள்வி அவனிடம் கேட்டது மாதிரியும் இருந்தது, உலகத்திடம் கேட்டது மாதிரியும் இருந்தது. அடுத்த மாதமே சோதனை அறை தயாராகிவிட்டது. ஒரு பெரிய கேள்வி பிறந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கக் கொடுத்து வைத்திருக்கிறோமே என்று பூரித்துப்போய், தன் மனைவியிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான்.

இன்று காலையும் கேட்டுவிடலாம் என்றுதான் அவர் அறைக்குப் போனான். வழக்கம் போலக் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனான். கோப்பையை வாங்கிக்கொண்டவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு..."

"சொல்லுங்க மேடம்."

"இல்ல... ஒண்ணுமில்ல. அப்புறம் பாத்துக்கலாம்."

இன்றோடு வேலை முடிகிறது என்பதைச் சொல்லத்தான் தயங்குகிறார், பாவம் என்று பூச்சி நினைத்தான். அவன் கேட்க வந்ததை மென்று விழுங்கிவிட்டு, ஜன்னலோரத் தொட்டிச் செடியில் மறுபடியும் எறும்பு மொய்ப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிட்டான்.

இப்போது பொந்துக்குள் நின்றுகொண்டு கைப்பிடியை அதன் ஓட்டையில் செருகிப் பார்த்தான். நுழையவில்லை. கொஞ்சம் அழுத்தினான். உள்ளே எதுவோ நழுவியது. கைப்பிடிகளைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கம்பி அந்தப் பக்கமாக வெளியேறி, தாழ்வாரத்துத் தரையில் 'ணங்' என்று விழுந்தது. இனிமேல் வெளியிலிருந்தும் சுலபமாகத் திறக்க முடியாது.

"சபாஷ்" என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டான்.

கதவைத் தட்டலாம். தட்டினால் சோதனை அறையில் கேட்கும். கடைசி ஆளின் கணக்கு கெட்டுவிடும். இருமலுக்கே கணக்கை நீக்கியவர் இதற்கு என்ன சொல்லுவார்? தட்டக் கூடாது என்று முடிவு செய்தான். அது விஞ்ஞானத்துக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கூச்சமும் கொஞ்சம் இருந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைசி ஆள் மும்முரமாக இருந்தார். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். பெரிய மீசை. வாழ்நாள் முழுக்க யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லாத உத்தியோகம் பார்த்தவர். ஸ்க்ரூவை முதலில் கட்டை விரல் நகத்தால் திருகினார். நகம் உடைந்தது. சில்லறைக் காசால் திருகினார், வழுக்கியது. பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்தார். சீப்பின் ஒரு பல் போனது, இரண்டாவதும் போனது. பெல்ட்டைக் கழற்றி அதன் கொக்கியை வைத்து முயன்றார். ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அதுவும் சரிப்படவில்லை.

ஓரத்தில் நடிகர் பேப்பருக்குப் பின்னால் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவருக்குக் கொடுத்த வேஷம் 'சிடுசிடு முகம்'. சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் மினுக்கியது. டிரைவர் அதைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். மறுபடியும் சீப்பை எடுத்தார்.

'கேளுங்க சார், கேட்டுத் தொலைங்க!' என்று பூச்சி மனசுக்குள் மன்றாடினான். 'ஒரு வார்த்தைதானே? அவர் என்ன கடிச்சா தின்னுடுவார்?'

சொல்லி முடித்த பிறகுதான், இதையே மனைவி தன்னிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலே காற்று வர ஒரு திறப்பு இருப்பதைப் பூச்சி பார்த்தான். அதன் வழியாகக் கையை விட்டால் வெளிப்பக்கப் பூட்டு எட்டலாம். முக்காலியைக் கதவோரம் நகர்த்தி ஏறினான். ஒரு கையில் கைப்பிடி, மறு கை திறப்புக்குள். முக்காலிக்கு மூன்று கால். அதில் ஒன்றுக்கு இந்தத் திட்டத்தில் சம்மதமில்லை.

முக்காலி ஆடியது. விழாமலிருக்க முழங்கையைச் சுவரில் ஊன்றினான். ஊன்றிய இடம் விளக்கு ஸ்விட்ச்.

பொந்துக்குள் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. இந்தக் கண்ணாடியின் குணம் என்னவென்றால், இருட்டில் இருக்கிறவன் பார்ப்பான், வெளிச்சத்தில் இருக்கிறவன் தெரிவான். அவ்வளவுதான் அதன் ரகசியம். இப்போது பூச்சி தெரிந்தான். முக்காலி மேல் ஒற்றைக் காலில், பித்தளைக் கைப்பிடியை ஓங்கிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி.

அசையாமல் இருந்தால் படம் என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற ஆசையில் அவன் மூச்சைக்கூட விடவில்லை. பிறகு புத்தி வந்து, இறங்கி விளக்கை அணைத்தான்.

ஒலிபெருக்கியில் டிரைவரின் குரல் கேட்டது. "சார்! அங்க ஒரு ஆளு நிக்கிறாரு!"

"எங்க?" என்றார் நடிகர், பேப்பரை இறக்காமல்.

"கண்ணாடிக்குள்ள! கையில பித்தளை ஏதோ வெச்சிக்கிட்டு அடிக்க வர்ற மாதிரி நிக்கிறாரு!"

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"நீங்க எங்க பாத்தீங்க தெரியறதுக்கு? பேப்பரைத் தலைகீழா வெச்சில்ல படிக்கிறீங்க!"

நடிகர் அவசரமாகப் பேப்பரைத் திருப்பினார். டிரைவர் எழுந்து வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். பூச்சியின் மூக்குக்கும் அவர் மூக்குக்கும் நடுவில் கண்ணாடி மட்டும்தான். அவர் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. தன் முகத்தைப் பார்த்தார், மீசையைத் தடவிவிட்டார். "கண் டாக்டரைத்தான் பாக்கணும் போலிருக்கு" என்று முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

பூச்சி சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். சாயும்போது முதுகு எதன்மேல் அழுந்துகிறது என்று யார் பார்த்தார்கள்? கடிகாரத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான் மிச்சம். எப்படியாவது வெளியே போனால், ஓடிப்போய் ஒரே மூச்சில் கேட்டுவிட வேண்டும். அதற்கு இப்போதே ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தான்.

"மேடம்... உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிட்டிருக்கேன்..."

அங்கே டிரைவர் துள்ளி எழுந்தார். நடிகரும்தான்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல மேடம். எப்படிக் கேக்கிறதுன்னே தெரியல. நீங்க தப்பா நெனச்சிடுவீங்களோன்னு பயமா இருக்கு..."

"தம்பி," என்றது ஒலிபெருக்கி. "இங்க மேடம் யாரும் இல்லப்பா. நான் ரிட்டயர்டு ரயில் டிரைவர்."

பூச்சி கண்ணைத் திறந்தான். முதுகுக்குப் பின்னால் தடவிப் பார்த்தான். மைக் பொத்தான்.

"நான்... பேசறது உங்களுக்குக் கேக்குதா சார்?"

"நல்லாவே கேக்குது. கண்ணாடிக்குள்ள என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"சும்மாதான்..."

"சும்மாவா? கையில வெச்சிருந்தீங்களே, அது என்ன?"

"கைப்பிடி."

"எதோட கைப்பிடி?"

"கதவோடது. கழண்டு வந்துடுச்சு."

"அப்ப உள்ள மாட்டிக்கிட்டீங்களா? எவ்வளவு நேரமா?"

"நீங்க பலகையைக் கையில எடுத்ததுலேர்ந்து."

"அடப்பாவமே! வாயைத் திறந்து ஒரு சத்தம் குடுத்தா என்ன? மனுஷன் ஏன் இப்படி இருக்கணும்?"

"அதைத்தான் சார் நாங்க மூணு வருஷமா ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கோம்" என்றான் பூச்சி. அவன் வாழ்க்கையில் சொன்ன பெரிய உண்மை அதுதான்.

டிரைவர் அடுத்த விநாடி நடிகர் முன்னால் போய் நின்றார். "சார், அந்த ஸ்க்ரூடிரைவரை இப்படிக் குடுங்க! உள்ள ஒரு பையன் மாட்டிக்கிட்டான்!"

"கேட்டுட்டீங்களா!" என்று நடிகர் பேப்பரை வீசி எறிந்தார். "அப்பாடா! காலையிலேர்ந்து முகத்தை இப்படியே வெச்சிக்கிட்டு கன்னமெல்லாம் வலிக்குது சார்!"

பூச்சியின் கட்டை விரல், பழக்கதோஷத்தில், ஸ்டாப்வாட்சை நிறுத்தியது.

இருவரும் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பூட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. கழற்றிக்கொண்டே டிரைவர் விசாரித்தார்.

"ஏன் தம்பி, மேடத்துக்கிட்ட என்ன கேக்கணும்? வேற ஏதாவது வில்லங்கம் இல்லையே?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல சார்! எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு." கதவைப் பார்த்துக்கொண்டு பேசுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. பன்னிரண்டு மணி, இயக்குநர், ஒரு வார்த்தை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

கதவு திறந்தது. டிரைவரும் நடிகரும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தரையில் கிடந்த இரும்புக் கம்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேராசிரியை நின்றார்.

பூச்சி கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "மேடம்... கடைசி ஆளோட கணக்கு... கெடுத்துட்டேன் மேடம்."

"ஆமா. அதைச் சேத்துக்க முடியாது" என்றார் பேராசிரியை அமைதியாக. "எடுத்துடலாம். உங்களுக்கு எங்கேயும் அடி படலியே?"

பார்த்தீர்களா, அதுதான் அவர். கணக்கில் ஒரு இம்மி விட்டுக் கொடுக்கவில்லை, மனுஷனையும் விட்டுக் கொடுக்கவில்லை. பிறகு அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். கண்ணில் குழந்தைக்கு வருகிற மாதிரி ஒரு பளபளப்பு.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? உங்க அலமாரிக்கு அந்த ஸ்க்ரூடிரைவர் இவ்வளவு நேரம் வேண்டியிருந்தது. நீங்க கேக்கவே இல்ல. இவருக்குன்னதும் உடனே கேட்டுட்டீங்க. ஏன்?"

டிரைவர் மீசையைச் சொறிந்தார். "எனக்குன்னு கேக்க வெக்கமா இருந்துச்சும்மா. இவருக்குன்னு கேக்க எனக்கென்ன வெக்கம்? கேவலம்னா அது இவருக்குத்தானே!"

பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்துப் பூச்சி பார்த்ததில்லை. "நாம இதை யோசிக்கவே இல்லையே தம்பி! தனக்காக வாயைத் திறக்காதவங்க, அடுத்தவங்களுக்காகத் திறக்கிறாங்க. எவ்வளவு அழகா இருக்கு!"

தாழ்வாரத்துக் கடிகாரத்தின் பெரிய முள் உச்சியைத் தொடப் போய்க்கொண்டிருந்தது. பூச்சி வாயைத் திறந்தான். மூடினான். மறுபடியும் திறந்தான். காற்று மட்டும்தான் வந்தது.

டிரைவர் அவனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குத்தான் இப்போது பழகிவிட்டதே.

"அம்மா, இந்தப் பையனுக்காக இன்னொண்ணும் நானே கேட்டுடறேன். இவருக்குத் தனியா ஒரு ஆராய்ச்சி பண்ணணுமாம். நீங்க பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமாம். பன்னிரண்டு மணிக்குள்ள. ரொம்ப நாளாக் கேக்க முடியாமத் தவிக்கிறாரு. நல்ல பையனாத் தெரியுது. கொஞ்சம் சொல்லுங்க."

பேராசிரியை ஆச்சரியத்தோடு பூச்சியைப் பார்த்தார். "இதுக்கா? எதைப் பத்திப் பண்ணப் போறீங்க?"

மாதக்கணக்கில் மனப்பாடம் செய்து வைத்திருந்த தலைப்பு அவனுக்கு மறந்தே போய்விட்டது. ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிற டிரைவர் மட்டும்தான் கண்ணில் பட்டார். "தனக்காகக் கேக்காதவங்க... அடுத்தவங்களுக்காக ஏன் கேக்கறாங்கன்னு..."

அவன் முடிப்பதற்குள் பேராசிரியை போனை எடுத்துவிட்டார். "சார், நான்தான். பட்டியல்ல ஒரு பேர் சேத்துக்கணும். என்கூட வேலை பாத்தவங்கள்ல இவ்வளவு பொறுமையா மனுஷங்களைக் கவனிக்கிறவங்களை நான் பாத்ததில்ல. ஆமா. ஆமா, இப்பவே." போனை வைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்றார். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை.

பூச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தான்? பேராசிரியையின் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. முதலில் மனைவிக்குப் போன் செய்தான். "கேட்டாச்சு" என்றான். "நீங்களா?" என்றாள் அவள். "கிட்டத்தட்ட" என்றான்.

பேராசிரியையின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி அவர் டிரைவரிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "நீங்க தயங்கினதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. நானா இருந்தாலும் தயங்கியிருப்பேன்" என்றார்.

"நீங்களா! சும்மா சமாதானத்துக்குச் சொல்லாதீங்கம்மா" என்று டிரைவர் சிரித்தார்.

அந்த நேரத்தில் பேராசிரியையின் கணவர் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்தார். பக்கத்துத் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தினமும் மத்தியானம் வருவார். வந்ததும் மனைவியிடம் தணிந்த குரலில், "இன்னைக்குக் கேட்டியா?" என்பார். "இல்ல" என்பார் பேராசிரியை. கணவன் மனைவிக்குள் ஆயிரம் இருக்கும் என்று பூச்சி காதைத் திருப்பிக்கொள்வான்.

"இன்னைக்குக் கேட்டியா?" என்றார் இன்றும்.

"இல்ல" என்றார் பேராசிரியை. "ஆனா இங்க என்ன நடந்ததுன்னு கேளுங்க!" என்று உற்சாகத்தோடு கதை முழுவதையும் சொன்னார். கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கவனமாகக் கேட்டார்.

பூச்சி அதற்குள் எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்துவிட்டான். இன்றைக்குச் சாதாரண நாளா? பேராசிரியைக்கு வழக்கமாகப் போடுகிற நாலு கரண்டி சர்க்கரையோடு சந்தோஷத்துக்கு இன்னொரு கரண்டியும் போட்டிருந்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்று சொன்னதிலிருந்து அவருக்குக் காபி அவன் கையால்தான், ஒரு நாள் தவறியதில்லை. நன்றியை வேறு எப்படிக் காட்டுவது?

டிரைவர் ஒரு வாய் குடித்தார். கண் ஒரு கணம் அகன்றது. "பிரமாதம் தம்பி" என்றார். நடிகர், "அருமை" என்றார். அவர் நல்ல நடிகர்.

பேராசிரியை கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, மெதுவாக எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

கணவர் அவர் முதுகைப் பார்த்தார். தொட்டிச் செடியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"அடுத்தவங்களுக்காகன்னா கேக்கறது சுலபம்கறீங்க, இல்ல?"

"ஆமா சார்!" என்றான் பூச்சி பெருமையோடு.

"அப்படின்னா இவளுக்காக நான் கேட்டுடறேன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காபியில சர்க்கரையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. இதை உங்ககிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு தெரியாமத்தான் இவ அந்த ஆராய்ச்சியையே ஆரம்பிச்சா!"